சீர் மிக்ஸி

நாத்தம் அடிக்குதாம்மா? என்கிட்ட இருந்துதான் வருது. மூக்க நல்லா மூடிக்க, நான் தப்பா நெனைக்க மாட்டேன். ஏறுனதுல இருந்து முந்தானைய மூக்குல வச்சுக்கிட்டு டிரைவர மொறைச்சுக்கிட்டு இருக்க, அவரு என்ன செய்வாரு பாவம். எல்லாம் இந்தப் பைதான். உள்ள கருகிப்போன மிக்ஸி மோட்டார் இருக்கு. பரமக்குடி பஸ் ஸ்டாண்டுல ஒருத்தர் இதே சீட்டுல வந்து உக்காந்தாரு, ரெண்டு தடவ மோந்து பாத்தாரு, எந்திரிச்சுப் போயிட்டாரு. நீயும் போயிருவன்னு பாத்தேன். வேற சீட்டு இல்ல போல. மதுரைக்குத்தானே? நானும் மதுரை போயித்தான் திருமங்கலம் பஸ் பிடிக்கணும்.

தூக்கி எறிய வேண்டியதுதானேன்னு நெனைப்ப. எறியத்தான் போறேன். இது நான் சாட்சிக்குக் கொண்டு போனது. என் மக மாமியா மூஞ்சிக்கு நேரா வச்சு, இந்தா பாருங்க உங்க வீட்டு லட்சணம்னு நாலு வார்த்த கேக்கணும்னே கொண்டு போனேன். கேட்டேனான்னா, கேட்டேன். சொல்றேன், இரு.

என் மகளப் பரமக்குடியில குடுத்துருக்கேன். வளர்மதின்னு பேரு. ஒரே மக. கல்யாணத்துக்கு ஒரு குறை வைக்கல, கட்டில், பீரோ, கிரைண்டர், மிக்ஸி எல்லாம் வச்சேன். அந்த மிக்ஸி இருக்கே, கடையில இருந்த மிக்ஸிய எல்லாம் ஒண்ணொண்ணா ஓட விட்டு, சத்தம் கேட்டு எடுத்தேன். எங்க வீட்டுக்காரரு வெளிய போயி நின்னுக்கிட்டாரு. இவ ஒருத்தி மிக்ஸி வாங்க வந்தாளா பாட்டுக் கச்சேரி கேக்க வந்தாளான்னு. அப்படிப் பாத்துப் பாத்து எடுத்த சாமான்மா அது.

எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டு, உங்க பக்கமும் இருக்கும். சீர்ல வந்த சாமான் கெட்டுப்போனா மாப்ள வீட்டுல கைய வைக்க மாட்டாக. பொண்ணு வீட்டுலதான் சரி பண்ணிக் குடுக்கணும். உங்கம்மா வச்ச சாமான், உங்கம்மாகிட்டயே கொண்டு போயி சரி பண்ணிட்டு வான்னு பொண்ணு கையில குடுத்து பஸ் ஏத்திவிட்ருவாக. அதுல நான் குத்தமே சொல்ல மாட்டேன். அது மொறை. ஆனா மொறைன்னு ஒண்ணு இருக்குன்னு, வச்ச சாமான வருஷம் பூராம் கருக்கிக் கருக்கி அனுப்பலாமா?

நீ எங்கம்மா போற? அம்மா வீட்டுக்கா? என்ன விசேஷம்? ஒண்ணுமில்லாமயா? சும்மா பாக்கவா போற? உங்க வீட்டுல விட்டாகளா? பரவாயில்ல. என் மக வீட்டுல அந்தப் பேச்சுக்கே இடமில்ல. காரணமில்லாம பொறந்த வீட்டு வாசல் மிதிக்கக் கூடாது. பொங்கலுக்கு நாங்கதான் சீர் தூக்கிக்கிட்டுப் போகணும், அவ வர மாட்டா. எங்க ஊரு கோயில் திருவிழாவுக்கு அனுப்புங்கன்னு கேட்டுப் பாத்தேன், வீட்டுல வேலை கிடக்கு சம்பந்தின்னுட்டாக. அவ அப்பாவுக்கு குடலிறக்கம் ஆபரேஷன் பண்ணப்ப வந்தா. மாப்ள வாசல்ல வண்டிய ஆஃப் பண்ணாம நின்னாரு. உள்ள வந்து பாத்தா, அப்பா கால தொட்டா, போயிட்டா. கட்டுப்பாடான குடும்பம். போன் பேசுனாக்கூட ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசணும். ஒளிவு மறைவு கிடையாது. இந்தக் காலத்துல அப்படி ஒரு குடும்பம் கிடைக்குமா? நான் அதையெல்லாம் குறை சொல்லவே மாட்டேன்.

நான் சொல்றது சுத்தத்த. அந்தப் பொம்பளைக்கு, அதான் சம்பந்தியம்மா ராஜாமணிக்கு, சுத்தம்னா என்னன்னே தெரியாது.

மொதத் தடவ மிக்ஸி கெட்டப்ப கப்ளர் போச்சு. ஜாருக்கு அடியில பல்லுப் பல்லா இருக்குமே, அது. எங்க ஊருல பாக்கியநாதன்னு ஒரு மெக்கானிக் இருக்கான், தேரடி பக்கத்துல கடை. அவன்கிட்ட குடுத்தோம். நாங்க ஆளுக்கு ஒரு டீ குடிச்சு முடிக்கல, மாட்டிக் குடுத்துட்டான். மத்தியானச் சாப்பாடு கூட சாப்பிடாம பொண்ணு திரும்பிட்டா. மாமியா போன் போட்டுட்டாக, சரியாயிருச்சுல்ல, அப்புறம் என்னன்னு. நியாயந்தானே.

அடுத்து மோட்டாருக்குக் கரண்ட் குடுக்குற கார்பன் தேஞ்சு போச்சுன்னு வந்தா. அதுக்கு ஒரு ராத்திரி தங்குனா. அன்னைக்குக் கடையில நடந்தது ஒண்ணு சொல்லணும் உன்கிட்ட. பாக்கியநாதன் மிக்ஸியக் கவுத்துப் போட்டு வேலை பாக்குறான். இவ ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்து ஒண்ணொண்ணா கேக்குறா. இது என்னண்ணே, இது போனா என்ன ஆகும், சரி பண்ண எவ்வளவு நேரம் ஆகும். அவனும் சொல்றான். கப்ளர்னா உடனே, கார்பன்னா ஒரு நாளு, மோட்டாருக்குள்ள சுத்துற ஆர்மேச்சர் கருகிருச்சுன்னா இங்க ஆகாது, மதுரைக்கு அனுப்பிக் காயில் கட்டி வாங்கணும், நாலஞ்சு நாளாகும்னு. நாலஞ்சு நாளான்னு திருப்பிக் கேட்டா. எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? அடடா, இந்தப் புள்ளைக்கு இம்புட்டு ஆர்வம் இருக்கே, ஐடிஐ படிக்க வச்சிருக்கலாமோன்னு தோணுச்சு. டிகிரி படிக்க வச்சு என்ன கண்டேன்.

அதுக்கப்புறம் ரெண்டு மாசம் கூட இருக்காது. ஆர்மேச்சர் கருகிருச்சு. மிக்ஸியத் தூக்கிக்கிட்டு வந்து நிக்குறா. வீடு பூராம் அந்த வாடை, ரப்பரும் முடியும் சேத்து எரிச்ச மாதிரி. நான் மூக்கப் பொத்திக்கிட்டு ஓடுறேன், அவ சிரிச்சுக்கிட்டே உள்ள வர்றா. வந்து என்ன செஞ்சாங்குற? தூங்குனா. மிக்ஸி மதுரைக்குப் போயி வர்ற வரைக்கும் தூங்குனாம்மா. எந்திரிப்பா, பழைய சோத்துல மோர ஊத்தி வெங்காயத்தக் கடிச்சுக்கிட்டு ரெண்டு வட்டில் சோறு சாப்பிடுவா, மறுபடியும் படுத்துருவா. பொம்பளப் புள்ள பகல்ல இப்படிப் படுத்துக் கிடந்தா பாக்குறவுக என்ன நெனைப்பாகன்னு வஞ்சேன். அவ அப்பாதான், விடுடீன்னாரு. அந்த மனுஷன் இடம் குடுத்துக் குடுத்துத்தான் கெட்டுச்சு.

இப்ப இந்தத் தடவ. முந்தாநாள் வந்தா. மறுபடியும் மோட்டார். வாசல்லயே எனக்கு ஓங்கரிச்சிருச்சு. நான் அவள உக்காரக் கூட விடல, நேரா பாக்கியநாதன் கடைக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். அவன் அடித்தட்டக் கழட்டுனான். கழட்டுன உடனே கரப்பான் ரெண்டு வெளிய ஓடுச்சு. சீ. உள்ள பாத்தா, சொல்லவே நாக் கூசுது, மொளகாத்தூளும் எண்ணெயும் புளியும் சேந்து பிசினு மாதிரி அப்பிக் கிடக்கு. அதுல கரப்பான் முட்டை ஒட்டிக்கிட்டு இருக்கு. இதுல அரைச்சதத்தான் அந்த வீட்டுல எல்லாரும் திங்குறாக. எனக்கு அன்னைக்கு ராத்திரி சோறு இறங்கல.

ஜாருக்குள்ள பாத்தா புளியங்கொட்டையும் வெரலி மஞ்சளும் சிக்கிக்கிட்டு பிளேடு அசைய மாட்டேங்குது. வெரலி மஞ்சள மிக்ஸில போடுவாளா ஒருத்தி? மில்லுல குடுத்து அரைக்கிறது அது. அதுவும் தண்ணியில்லாம, புளியங்கொட்டையோட. கூறு இருக்கா பாரு.

அப்புறம் அவன் அடியில இருந்த செவப்புப் பொத்தானக் காட்டுனான். மிக்ஸி சூடாச்சுன்னா அது தானா வெளிய வந்து கரண்ட்ட நிறுத்திரும், உங்க வீட்டுலயும் இருக்கும் பாரு. அந்தப் பொத்தான உள்ள அமுக்கி, வெளிய வர முடியாம மேல பிளாஸ்திரி ஒட்டிருக்கு. கை வெட்டுப்பட்டா ஒட்டுவோமே, அந்தப் பிளாஸ்திரி. யாரு புண்ணுல ஒட்டுனதோ. சமையல் பண்ற சாமான்ல. நெனைச்சாலே குமட்டுது. மகளும் கட்டைவிரல்ல ஒண்ணு ஒட்டிருந்தா. அந்த வீட்டுல வேற எதுக்குப் பஞ்சமோ, பிளாஸ்திரிக்குப் பஞ்சமில்ல. ராஜாமணியம்மாவுக்குக் கால்ல பித்தவெடிப்பு, பாளம் பாளமா. எப்பப் பாத்தாலும் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கும்.

பாக்கியநாதன் திருப்புளிய கீழ வச்சுட்டுச் சொன்னான். "அக்கா, இது தானாக் கருகல. யாரோ பக்கத்துல உக்காந்து கருக்கிருக்காக."

சொல்லிட்டு அவன் என்னையப் பாக்கல, மகளப் பாத்தான். கடைக்கு வந்த பொம்பளப் புள்ளைய அப்படிப் பாக்கலாமா? அது எனக்குப் பிடிக்கல. அவளும் தலையக் குனிஞ்சுக்கிட்டு விரல்ல இருந்த பிளாஸ்திரியப் பிச்சுக்கிட்டு இருந்தா. நான் சொன்னேன், யாரோ என்னப்பா யாரோ, எல்லாம் அந்த மாமியாக்காரி வேலை, அக்கம்பக்கத்துக்கெல்லாம் பொடி அரைச்சுக் குடுத்து நல்ல பேரு வாங்குறா போலன்னு. அவன் குனிஞ்சு கரப்பான் முட்டையச் சொரண்ட ஆரம்பிச்சுட்டான்.

இனிமே இந்தக் கட்டுறது ஒட்டுறது வேண்டாம், புது மோட்டார் போடு, முழு காப்பர், இருக்குறதுலயே பெருசாப் போடுன்னு சொன்னேன். என்ன சொல்றான் தெரியுமா? ஸ்டாக் இல்லங்குறான். அவன் தலைக்கு மேல ரேக்குல டப்பா இருக்கு, எனக்குக் கண்ணு தெரியாதா? அத எடுன்னேன். அது வேற ஆளுக்கு எடுத்து வச்சதுன்னான். அப்புறம் பழசையே மதுரைக்கு அனுப்பிக் கட்டிருவோம்க்கா, ஒரு வாரம் ஆகும், ஆகட்டுமேன்னான். மகளும் கூடச் சேந்துக்கிட்டா, அவசரமில்லம்மான்னு. அவசரமில்லையா? அங்க மாமியா சட்னிக்கு என்ன செய்வாகன்னு ஒரு நெனைப்பு வேண்டாம்? எனக்குக் கோவம் வந்துருச்சு. ஏம்ப்பா, அடிக்கடி கெட்டாத்தான உனக்குப் பொழப்பு ஓடும், அதுக்குத்தான ஸ்டாக் இல்லங்குறன்னு கேட்டுட்டேன்.

அதுக்கு அவன், "எனக்கும் மக இருக்குக்கா"ன்னான்.

மிக்ஸிக்கும் அவன் மகளுக்கும் என்ன சம்பந்தம் சொல்லு. கேட்டது ஒண்ணு, சொல்றது ஒண்ணு. அப்புறம் டப்பாவ இறக்குனான். புது மோட்டார் மாட்டுனான். ஓட்டிக் காட்டுனான். அம்மாடி, என்ன வேகம். மேசையே அதிருது. இதுல கருங்கல்லப் போட்டாலும் மாவாக்கிரும்னு அவன் வாயாலயே சொல்ல வச்சேன். சூடாகுமான்னேன், ஆகாதுன்னான். கருகுமான்னேன். இல்லக்கா, இது சுலபத்துல கருகாதுன்னான், ஏதோ கெட்ட சேதி சொல்ற மாதிரி. எனக்கு மனசு நெறஞ்சு போச்சு.

இன்னைக்குக் காலையில மொதப் பஸ்ல நானே கூட்டிட்டுக் கெளம்புனேன். தனியா அனுப்பிருப்பேன், ஆனா நேர்ல கேக்கணுமே. பஸ்ல மிக்ஸிய என்கிட்ட குடுடீன்னேன், குடுக்கல. மடியிலயே வச்சுக்கிட்டு ஜன்னல் கம்பில நெத்திய முட்டுக் குடுத்துக்கிட்டு வந்தா. தூங்குறாளோன்னு பாத்தேன், தூங்கல.

அந்த வீட்டு அடுப்படிய நீ பாக்கணுமே. வேண்டாம், பாத்தா ஒரு வாரம் சாப்பிட மாட்ட. இவ முந்தாநாள் கெளம்புனப்ப யாரு யாரு சாப்பிட்டாகளோ அந்த எச்சித் தட்டு எல்லாம் அப்படியே தொட்டியில கிடக்கு. சோத்துப் பருக்கை ஊறி, மேல பூசணம் படந்து, ஈ மொய்க்குது. கூட ரெண்டு நாத்தனார் இருக்காளுக, மாப்ளயோட தங்கச்சிக. ஒருத்தி டிவி பாக்குறா, ஒருத்தி நகத்துக்குப் பாலிஷ் போடுறா. என் மக மிக்ஸிய வச்சா, சேலையத் தூக்கிச் சொருகுனா, தொட்டி முன்னால நின்னுட்டா. ஒரு வாய் தண்ணி குடிக்கல. நான் அங்க நின்னு, வெந்நி போட்டு நல்லாக் கழுவுடீ, சோப்ப தாராளமாப் போடுன்னு சொல்லிக் குடுத்துட்டு முன்கட்டுக்கு வந்துட்டேன்.

காப்பி குடுத்தாக. ஏடு மெதக்குது, டம்ளர்ல முட்ட வாடை. மூச்ச அடக்கிக்கிட்டுக் குடிச்சேன், மொறைன்னு ஒண்ணு இருக்கே. அப்புறம் இந்தப் பைய விரிச்சு மோட்டார எடுத்து நடு வீட்டுல வச்சேன். பாக்கியநாதன் பிச்சுக் குடுத்த பிளாஸ்திரியையும் காட்டுனேன். சம்பந்தி, இது யாரு வேலைன்னு கேட்டேன்.

அதுக்கு அந்தப் பொம்பள சொல்றா, "எனக்கு மிக்ஸியப் போடக்கூடத் தெரியாது சம்பந்தி. அரைக்கிறதெல்லாம் உங்க மகதான். நான் அடுப்படிப் பக்கம் போயே வருஷமாச்சு."

எப்பேர்ப்பட்ட பச்சப் பொய்யி பாரு. மூஞ்சியில ஒரு சுருக்கம் விழல. அப்ப என் மக ஒட்டுனாளா பிளாஸ்திரிய? எனக்கு வாய் வரைக்கும் வந்துருச்சு. பொண்ணக் குடுத்த இடம்னு முழுங்கிக்கிட்டேன்.

முழுங்குனது நல்லதாப் போச்சு. பொட்டுக்கடலையப் போட்டு மிக்ஸிய ஓட விட்டுக் காட்டுனேன், அந்தம்மா மூஞ்சி மலந்து போச்சு. இது கெடவே கெடாதான்னாக. கெடாது சம்பந்தின்னேன். அப்ப இவ இனிமே இதத் தூக்கிக்கிட்டு அலைய வேண்டியதில்லன்னு சொல்லி என் கையப் பிடிச்சுக்கிட்டாக. ரெண்டு வருஷத்துல மொதத் தடவையா என்னைய மெச்சி ஒரு வார்த்த. கை பூராம் எண்ணெய்ப் பிசுக்கு, நான் சேலையில தொடச்சுக்கிட்டேன், அது வேற விஷயம். ஆனா சந்தோஷமாத்தான் இருந்துச்சு. பொய் சொல்லக் கூடாது.

கெளம்புறப்ப மக வாசல் வரைக்கும் வந்தா. கையெல்லாம் சோப்பு நொரை. ஏதோ சொல்லப் போறான்னு பாத்தேன். அந்த வீட்டப் பத்தி ஏதாச்சும் சொல்லிப் பொலம்புவாளோன்னு எனக்கு ஒரு பயம். அவ அப்படியெல்லாம் சொல்ற புள்ள இல்ல, நல்லாத்தான் வளத்துருக்கேன். மெதுவாக் கேட்டா.

"இது இனிமே கருகவே கருகாதாம்மா?"

உன் ஆயுசுக்கும் கருகாது, நீ நிம்மதியா இருன்னு சொன்னேன். வேற என்னம்மா ஒரு தாய் செய்ய முடியும் ஒரு மகளுக்கு? அவகிட்ட ஒரு சிரிப்பு இல்ல. திரும்பி உள்ள போயிட்டா. அம்புட்டு தூரம் வந்தவள பஸ் ஏறுற வரைக்கும் பாக்கணும்னு கூடத் தோணல. எனக்குச் சப்புன்னு போயிருச்சு. இந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு எம்புட்டு செஞ்சாலும் இப்படித்தான்.

என்ன கேக்குற? மகளக் கேட்டேனாவா? என்னத்தக் கேக்க? மிக்ஸி எப்படிக் கருகுச்சுன்னா? கேக்காம இருப்பேனா. தெரியலம்மான்னா. மாமியாளக் காட்டிக் குடுக்க மாட்டேங்குறா. அது அவ பெருந்தன்மை. நல்லா இருக்கியாடீன்னு கேட்டேனாவா? நீ ஒருத்தி. கட்டிக் குடுத்த புள்ளைய அப்படிக் கேட்டா, இல்லாத குறையெல்லாம் இருக்குற மாதிரித் தோணிரும். நான் கேக்குறதில்ல.

இரு, போன் அடிக்குது. அவதான்.

சொல்லுடீ. சேரல இன்னும், மானாமதுரை தாண்டிட்டேன். ஸ்பீக்கர்ல இருக்கா? சம்பந்தி, காப்பி நல்லா இருந்துச்சு. என்னது? கிரைண்டரா? என்னடீ சொல்ற, நான் அங்க இருந்தப்ப நல்லாத்தானடீ இருந்துச்சு. பொகையா? நாளைக்கேவா? நீ அங்கயே இரு. அத எதுக்குடீ தூக்கிக்கிட்டு. பாக்கியநாதன நான் அனுப்பி வைக்கிறேன். அவன் அங்கயே வந்து பாப்பான். என்ன சம்பந்தி, சரிதானே? இனிமே எது கெட்டாலும் அவனையே அனுப்பிர்றேன், அவ அலைய வேண்டாம். ஆமா ஆமா. வச்சிர்றேன்.

பாத்தியாம்மா கூத்த. நான் ஊரு போயிச் சேரல, அதுக்குள்ள கிரைண்டரக் கருக்கிட்டாக. நாளைக்குக் காலையிலயே தூக்கிக்கிட்டு வரவான்னு கேக்குறா. அது என்ன கனம் கனக்கும், கல்லோட. ரெண்டு பஸ் மாறி அத இடுப்புல வச்சுக்கிட்டு வரணும்னு அவளுக்கு என்ன தலையெழுத்து? பெத்த வயிறு கேக்குமா? அதான் ஆளையே அங்க அனுப்பிர்றேன்னுட்டேன். சம்பந்தியம்மாவுக்கு ஒரே சந்தோஷம், இத மொதல்லயே செஞ்சிருக்கலாமேங்குறாக. எனக்குத்தான் இது இம்புட்டு நாளாத் தோணல. அதுக்கப்புறம் மக பக்கம் இருந்து பாத்திரம் வெளக்குற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

ஏம்மா எந்திரிச்சுட்ட? திருப்புவனம் கூட இன்னும் வரல. நின்னுக்கிட்டே மதுரை வரைக்குமா போகப் போற? நாத்தம் தாங்கலையா? பைய வேணா அங்கிட்டு சீட்டுக்கு அடியில தள்ளி வச்சிர்றேன், வந்து உக்காரு.